குரோய்டன் கிணறும் அப்பாவின் குறிப்பேடுகளும்

என் தந்தை வட ஆற்காடு மாவட்டத்து நகராட்சி ஒன்றில் சானிட்டரி இன்ஸ்பெக்டராகப் பணியாற்றினார். விடியற்காலையில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்துக்குத் தெருக்கோடிக் குழாயடிக்குப் போய், சிறு கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். நிறம் ஏறினால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் அன்று அவர் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டார்; நேராகத் தொட்டிக்குப் போய்விடுவார்.

அவர் மறைந்தபின் வேலூர் சலவன்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது பழைய டிரங்குப் பெட்டியில் அவருடைய குறிப்பேடுகள் கிடைத்தன. அவற்றைப் படித்த அதே மாதங்களில், லண்டனையும் அதன் புறநகர்களையும் சேர்ந்த சுகாதார அதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளையும் படித்துக்கொண்டிருந்தேன். 1848 முதல் 1972 வரையிலான அத்தகைய அறிக்கைகள் ஐயாயிரத்துக்கும் மேல் இன்று இணையத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. இரண்டையும் மாறி மாறிப் படித்ததில் இவை ஒரே வேலையின் இரண்டு ஏடுகள் என்றே எனக்குத் தோன்றியது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் ஒரு சுகாதார அதிகாரியும், அவருக்குக் கீழே வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஓர் ஆய்வாளரும் இருந்தாக வேண்டும் என்பது 1870களின் சட்டங்களால் கட்டாயமாயிற்று. அந்த ஆய்வாளரின் பழைய பதவிப் பெயரைத் தமிழில் 'தொல்லை ஆய்வாளர்' என்றுதான் சொல்ல வேண்டும். கழிவுநீர் தேங்குவதும், குப்பைக்குழி நாறுவதும், வீட்டு முற்றத்தில் பன்றி வளர்ப்பதும் சட்டத்தின் கண்ணில் பிறருக்குத் தரும் தொல்லை என்பதே அப்பெயரின் கருத்து. நம்முடைய 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் இதே கருத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

புறநகர்களின் நிலைமை தனி. வயல்களாகக் கிடந்த இடத்தில் மனை பிரித்து விற்பவர்கள் வரிசை வரிசையாக வீடு கட்ட, சாக்கடையும் குடிநீரும் பின்னால் ஓடி வந்தன. சத்துவாச்சாரியும் காட்பாடியும் வளர்ந்த விதத்தைக் கண்ணால் பார்த்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய வீட்டின் வடிகாலில் கசிவு உண்டா என்று அறிய அந்த ஆய்வாளர்கள் குழாய்க்குள் புகையைச் செலுத்தி, அது எந்த இணைப்பில், எந்தச் சுவரோரத்தில் வெளிவருகிறது என்று பார்த்தார்கள். ஆண்டு முடிவில், சோதித்த வடிகால்கள் எத்தனை, சரிசெய்யப்பட்டவை எத்தனை, எந்த நோயில் எந்த வயதினர் எத்தனை பேர் இறந்தனர் என்பதெல்லாம் அச்சாகி உள்ளாட்சி மன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 1911ஆம் ஆண்டின் கடுங்கோடையில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்ததும், அந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முந்தைய ஆண்டின் 105இலிருந்து 130 ஆக உயர்ந்ததும் அந்தக் கணக்கினால்தான் நமக்குத் தெரிகின்றன. குதிரைச் சாணமும் ஈயும் மூடாத பாலும் சேர்ந்தால் வெயில் காலத்தில் என்ன ஆகும் என்பது வேலூர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் குரோய்டனில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. லண்டனுக்குத் தெற்கே உள்ள அந்தப் புறநகரில் 1937ஆம் ஆண்டின் இறுதியில் டைபாய்டு பரவி, 341 பேர் நோயுற்று, 43 பேர் இறந்தார்கள். அடிங்டன் என்ற இடத்திலிருந்த ஆழ்கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். சுண்ணப்பாறையில் ஊறி வரும் தெளிந்த நீர் அது. அந்தக் கிணற்றுக்குள் பழுதுபார்ப்பு வேலை நடந்தது. வேலைக்கு இறங்கியவர்களில் ஒருவர், தமக்கு நோயின் அறிகுறி ஏதும் இல்லாமலேயே டைபாய்டுக் கிருமியை உடலில் சுமந்தவர். அதே நாட்களில் தண்ணீரை வடிகட்டுவதும் குளோரின் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆனால் அந்தத் தண்ணீர் வீடுகளுக்குப் போவது நிற்கவில்லை. இம்மூன்றில் ஏதேனும் ஒன்று இல்லாதிருந்தால் அந்த 43 பேரும் பிழைத்திருப்பார்கள். பொது விசாரணை நடந்தபோது, பொறியியல் பிரிவும் சுகாதாரப் பிரிவும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளாத குறை வெளிப்பட்டது. அறிவியலுக்கு அப்போது தெரியாதது எதுவும் அதில் இல்லை. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மெய்ட்ஸ்டோனில் 1897இல் டைபாய்டு பரவியபோதே குடிநீர்க் குழாய்களைக் குளோரின் கரைசலால் சுத்தம் செய்திருந்தார்கள்.

பாறையில் ஊறும் நீர் தூயது என்ற அந்த நம்பிக்கை எனக்குப் பழக்கமானது. பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வரும் தண்ணீருக்கு மருந்து எதற்கு, வாய்க்கு வைக்க முடியவில்லை என்று குழாயடியில் பெண்கள் அப்பாவிடம் சண்டை பிடித்ததை நான் கேட்டிருக்கிறேன். அவர் கோபப்பட மாட்டார். "மணல் வடிகட்டும்மா, ஆனா குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு மணலுக்குத் தெரியாது" என்பார். பிளீச்சிங் பவுடரை வாளியில் கூழாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றச் செய்வார். எங்கள் ஊர் வெயிலில் பிரித்த மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும் என்பதால், மூட்டை பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைப்பார். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவருடைய தினசரிக் கணக்கு.

அந்தக் கணக்கு ஒருநாளும் அச்சேறவில்லை. அங்கே ஒரு புறநகரின் நூறாண்டுக்கு முந்தைய வடிகால் சோதனைகளை நான் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. இங்கே ஒரு மனிதர் பணிக்காலம் முழுவதும் எடுத்த அளவுகள் டிரங்குப் பெட்டியில் பூச்சி அரித்துக் கிடந்தன. நம் ஊர்களின் நகர்நல அலுவலர்களும் தங்கள் ஊரின் நோய், இறப்பு, குடிநீர்ச் சோதனை விவரங்களைத் தமிழில் ஆண்டுதோறும் வெளியிட்டு மக்கள் படிக்கச் செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

குரோய்டனைப் பற்றி அப்பா கேள்விப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவருடைய குறிப்பேடு ஒன்றில், தொட்டி பழுதுபார்க்கப்பட்ட ஒரு நாளுக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "வேலையாட்கள் ஆறு பேர். காய்ச்சல், பேதி உண்டா என்று ஒவ்வொருவரையும் விசாரித்தேன். குளோரின் பார்க்காமல் தண்ணீர் திறக்கக் கூடாது என்று பொறியாளரிடம் நேரில் சொன்னேன்." அதற்கு அடியில், பச்சை மையில், பொறியாளரின் கையெழுத்து இருக்கிறது.