பிரிண்ட் கொடுத்தால் நின்றுவிடும்

1996-ல் கோவையில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவிநாசி சாலையில் இருந்த ஒரு நூற்பாலை அலுவலகத்திலிருந்து வந்த புகார்ச் சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: “நெட்வொர்க் அடிக்கடி கட் ஆகிறது.” அந்த ஒரு வரியை நம்பி மூன்று முறை போய் வந்தேன்.

கோப்புகளையும் பிரிண்டரையும் எல்லோருக்கும் பகிரும் நாவெல் நெட்வேர் சர்வர் ஒன்று, அதோடு இணைந்த, டாஸ் இயங்குதளத்தில் ஓடும் மெஷின்கள் ஒன்பது. எல்லாம் மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் வரிசையாகக் கோத்தவை. இரண்டு முனைகளிலும் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 50 ஓம் டெர்மினேட்டர். நெட்வொர்க் போகிறது என்றால் அந்தக் காலத்தில் கை முதலில் கேபிளுக்குத்தான் போகும். மெஷினைக் கேபிளோடு இணைக்கும் டீ கனெக்டரை மாற்றினேன், கேபிள் நுனியில் இருக்கும் பிஎன்சி முனைகளை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன், மூன்றாம் முறை நெட்வொர்க் கார்டையே மாற்றினேன். அந்த வகைக் கேபிளில் ஓர் இடம் அறுந்தால் வரிசை முழுவதும் படுத்துவிடும். இங்கே சம்பளக் கணக்குப் போடும் ஒரு மெஷின் மட்டும்தான் நின்றது. அதை முதல் நாளே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான்காம் முறை போனபோது மெஷினைத் தொடாமல், அதில் தினமும் உட்காரும் கணக்காளர் அக்காவிடம் கேட்டேன். “ஸ்கிரீன்ல பாத்தா ஒண்ணும் ஆகறதில்லீங்க தம்பி. இந்த மெஷின்ல மாட்டியிருக்கிற பிரிண்டருக்குக் குடுத்தாத்தான் நின்னுடுது. சர்வர் பிரிண்டருக்கு அனுப்புனா நல்லா வருதுங்க” என்றார். மூன்று முறை வந்தும் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் சொன்னதிலேயே முக்கால்வாசி விடை இருந்தது.

கேபினட்டைத் திறந்து, எந்தக் கார்டு எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்று தாளில் எழுதினேன். முகவரி என்பது புராசசர் ஒரு கார்டோடு பேசப் பயன்படுத்தும் எண். எடைமேடையிலிருந்து எடை வாங்கும் கார்டு 300-ல். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு 360-ல். பிரிண்டர் போர்ட், அதாவது எல்பிடி1, 378-ல். எழுதிப் பார்த்தபோது 360-க்கும் 378-க்கும் நடுவே இடம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. இவை பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்கள். என்இ2000 கார்டு ஆரம்ப முகவரியிலிருந்து 32 இடங்களைப் பிடித்துக்கொள்ளும். 360-ல் வைத்தால் 37எஃப் வரைக்கும் அதன் வீடுதான். பிரிண்டர் போர்ட் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்த 32 இடங்களில் கடைசி எட்டு கார்டை ரீசெட் செய்வதற்கானவை. அந்த எட்டும் தொடங்குவது சரியாக 378-ல். பிரிண்டர் தயாரா என்று டாஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் 379-ஐப் படித்துப் பார்க்கும். அப்படிப் படிக்கும்போதெல்லாம் நெட்வொர்க் கார்டுக்கு ‘ரீசெட் ஆகு’ என்று உத்தரவு போயிருக்கிறது. பட்டியல் அச்சாகத் தொடங்கும், கார்டு சர்வரோடு பேசுவதை மறந்துவிடும், மெஷின் ‘அபார்ட், ரீட்ரை’ என்று கேட்டபடி நிற்கும். கார்டை 340-க்கு மாற்றினேன், கார்டை இயக்கும் டிரைவர் படிக்கும் நெட்.சிஎஃப்ஜி கோப்பில் போர்ட் என்ற வரியையும் திருத்தினேன். அன்று மாலை 60 பக்கச் சம்பளப் பட்டியல் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அந்தச் சத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

அந்தக் கார்டை 360-ல் வைத்ததும் நான்தான். மூன்று மாதத்துக்கு முன் நெட்வொர்க் போட்டபோது, கார்டு வழக்கமாக வரும் 300-ல் எடைமேடைக் கார்டு இருந்தது. ஐபிஎம் தன் முகவரிப் பட்டியலில் 300 முதல் 31எஃப் வரை சோதனைக் கார்டுகளுக்கென்று விட்டிருந்ததால், சிறிய அளவில் கார்டு செய்கிறவர்கள் பலர் அங்கேயே வந்து உட்காருவார்கள். அதனால் 360-க்கு மாற்றினேன், டிரைவர் ஏறியது, லாகின் ஆனது, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டிரைவர் ஏறிவிட்டது என்றால் கார்டு பதில் சொல்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதே இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று டாஸ் பார்க்காது, பார்க்கச் சொல்லவும் வழி கிடையாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஐஆர்க்யூ தகராறும் இதே கதைதான். ஐஆர்க்யூ என்பது ‘என்னைக் கவனி’ என்று கார்டு புராசசரைக் கூப்பிடும் கம்பி. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி மெஷினில், அந்தக் கூப்பிடுதல்களை வரிசைப்படுத்தும் இரண்டு 8259 சிப்புகள் சேர்ந்து 16 ஐஆர்க்யூ. டைமர், கீபோர்டு, ஃபிளாப்பி, கடிகாரம், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றும் ஒன்றை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது சில. 8 பிட் கார்டாக இருந்தால் 10-க்கும் 11-க்கும் கையே எட்டாது. 3, 5, 7 என்று அதே சிலவற்றுக்குள்தான் சண்டை. கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ பஸ்ஸில் ஓர் ஐஆர்க்யூவை இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் நம்பகமாகப் பகிர முடியாது. நூல் புரோக்கர் ஒருவரின் அலுவலகத்தில் மோடம் டயல் செய்த அந்த நொடியில் மவுஸ் உறைந்துபோகும். மவுஸ் காம்1 என்ற சீரியல் போர்ட்டில், மோடம் காம்3-ல். முகவரி வேறு வேறு, ஆனால் இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4. காம்4-க்கு ஐஆர்க்யூ 3 என்பதால், மோடத்தின் ஜம்பரை (கார்டின் அமைப்பை மாற்றும் சிறு செருகியை) அதற்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. 7 மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. டாஸ் பெரும்பாலும் ஐஆர்க்யூ இல்லாமலே அச்சடிப்பதால், எல்பிடி1-க்கு உரிய 7-ல் சவுண்ட் கார்டை வைத்தும் பல மெஷின்கள் பிரச்சினையில்லாமல் ஓடின.

எனக்கு அதிக நேரம் தின்றது மெமரித் தகராறு. ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள் மெமரி போதவில்லை என்று சொல்லும். நாம் இஎம்எம்386 என்ற டாஸின் மெமரி மேலாளரைப் போட்டு டிரைவர்களை 640 கேபிக்கு மேலே உள்ள காலி இடத்தில் ஏற்றி, டாஸ் நிரல்களுக்கான 640 கேபியில் சில பத்து கேபியை மீட்டுவிடுவோம். சில நெட்வொர்க் கார்டுகள் அந்த மேல் பகுதியில் டி000 என்ற முகவரியில் சொந்தமாகக் கொஞ்சம் மெமரி வைத்திருக்கும். அந்த இடம் காலி என்று நினைத்து இஎம்எம்386 எடுத்துக்கொண்டால், மெஷின் பூட் ஆகும், டிரைவரும் ஏறும், லாகின் செய்யும்போது அப்படியே நின்றுவிடும். பூட் ஆகும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், இஎம்எம்386 வரியில் எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப் என்று சேர்த்து, அந்த 16 கேபியைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் போதும். டாஸோடு வரும் மெம்மேக்கர் என்ற கருவி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று பலர் சொன்னார்கள். நெட்வொர்க் கார்டு உள்ள மெஷினில் நான் அதை ஓட்டியதே இல்லை. கையால் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தால் நேரம் ஆகும்தான், ஆனால் எந்த வரி மெஷினை நிறுத்தியது என்று உடனே தெரியும். டாஸ் 6-ல் எஃப்8 வந்தது எனக்குப் பெரிய உதவி, பூட் ஆகும்போது அந்த விசையை அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ் ஒவ்வொரு வரியையும் ‘இதைப் போடட்டுமா’ என்று கேட்டுக்கொண்டே போகும்.

நூற்பாலை வேலைக்கு அப்புறம் இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். புகார்ச் சீட்டில் என் சுருக்கத்தை எழுதாமல், வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். மெஷினைத் திறக்கும்போதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் கார்டு, முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ (புராசசர் இல்லாமல் கார்டு மெமரியோடு பேசும் வழி), மெமரி என்று கட்டம் போட்டு நிரப்பி, கேபினட் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டினேன். முகவரிக்குத் தொடக்கத்தை மட்டும் எழுதாமல் முடிவையும் எழுதினேன்: 340 முதல் 35எஃப் வரை. நூற்பாலையில் அந்த அக்கா ஒன்பது சீட்டுகளுக்கும் நகல் எடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஓராண்டு கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன். “தம்பி, புதுசா ஸ்கேனர் ஒண்ணு வந்திருக்குங்க. கூடவே ஒரு கார்டு இருக்கு. 340-ன்னு அதோட புக்குல போட்டிருக்கு. சம்பள மெஷின் சீட்டுலயும் 340 இருக்குதுங்களே, மாட்டலாமுங்களா?”

“மாட்டாதீங்கக்கா, அப்படியே வைங்க” என்றேன். புத்தகத்தில் வேறு என்ன முகவரி போட்டிருக்கிறது என்று கேட்டேன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. “140-ன்னு ஒண்ணு இருக்குதுங்க” என்றார்.