சாலி கப்பலின் கணக்குப் புத்தகத்தை வாசித்தபோது

1764இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலிருந்து ‘சாலி’ என்ற கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியது. அனுப்பியவர்கள் நிக்கலஸ் பிரவுன் அண்ட் கம்பெனி. நிக்கலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என்ற நான்கு சகோதரர்கள். அந்தப் பயணத்தின் கணக்குகளையும் கடிதங்களையும் பிரவுன் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அடிமை வணிகத்தை வியாபாரியின் ஏட்டிலேயே பார்க்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை.

முதல் தடை கையெழுத்து. சொல்லின் நடுவே வரும் எஸ், எஃப் மாதிரியே இருக்கும். எழுத்துக்கூட்டலும் அவரவர் இஷ்டம். கப்பலில் ஏற்றிய சரக்குப் பட்டியல்தான் கைகொடுத்தது. ரம், புகையிலை, வெங்காயம், மெழுகுவர்த்தி என்று ஊகிக்கக்கூடிய சொற்களாக வருவதால், அந்தக் காலத்து எழுத்துக்குக் கண் பழகிவிடுகிறது. ரம் மட்டும் 17,000 காலனுக்கு மேல். அப்படியே படித்துக்கொண்டு போனால் கைவிலங்கும் கால்விலங்கும் வருகின்றன, மற்ற சரக்குகளைப் போலவே.

அடுத்தது பணம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆப்பிரிக்கக் கரையில் அது அவ்வளவாகப் பயன்படவில்லை. கப்பல் தலைவர் ஈசெக் ஹாப்கின்ஸ் அங்கே மனிதர்களுக்குக் கொடுத்த விலையைப் பெரும்பாலும் ரம்மாக, காலன் கணக்கில் எழுதியிருக்கிறார்.

மரணப் பதிவுகளைத் தனித் தாளில் எழுதிக்கொண்டேன். அதைச் செய்யாமல் இந்த ஏட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. ஆண், பெண், பையன், சிறுமி என்பதோடு சரி. பெயர் கிடையாது, பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் எண் மட்டும். 1765 ஜூனில் ஒரு பெண் தளங்களுக்கு நடுவே தூக்கிட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 28 அன்று சிறைப்பட்டவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். கப்பல்காரர்கள் சுட்டதில் அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஹாப்கின்ஸ் வாங்கிய 196 பேரில் குறைந்தது 109 பேர் உயிரிழந்தார்கள்.

அப்புறம் கடிதங்கள். கணக்கையும் கடிதத்தையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. இழப்புச் செய்தி பிரவுன்களுக்கு எட்டியது. நீங்கள் நலமாக இருப்பதே பெரிய நிம்மதி, அதனால் இத்தனை நஷ்டத்திலும் நாங்கள் மனம் தளரவில்லை என்று ஹாப்கின்ஸுக்குப் பதில் எழுதினார்கள். அதற்குமேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

மோசஸ் பிரவுன் பிறகு தன் அடிமைகளை விடுவித்து, குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து, இந்த வணிகத்தையே எதிர்த்துப் போராடினார். ஜான் அதை விடவில்லை; அடிமை வணிகத்தைக் கட்டுப்படுத்திய 1794இன் சட்டத்தை மீறியதாக அவர்மீது வழக்கே நடந்தது. அடுத்து இந்த இரண்டு சகோதரர்களின் கடிதங்களைத் தேடிப் படிக்கப் போகிறேன்.