கந்தளாய்க்கு, கச்சானை எதிர்த்து

21.06.2024, வெள்ளி

பொசன் போயா, பௌத்தர்களின் முழுநிலா நாள். நாளை நானும் மச்சானும் திருகோணமலையிலிருந்து சைக்கிளில் கந்தளாய் போகிறோம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். டயருக்குக் காற்றடித்து, ஒரு டியூபும் ஒட்டுப் பசையும் எடுத்து வைத்தாயிற்று.

22.06.2024, சனி

விடிய முன்பே கிளம்பியும் பலனில்லை. நாங்கள் போவது தென்மேற்கே, கச்சான் காற்று வருவதும் அங்கேயிருந்துதான். தட்டையான வீதியில் மலை ஏறுகிற மாதிரி மிதித்தோம்.

தம்பலகாமத்தில் சிறுபோக வயல்கள் பச்சையாக நின்றன. திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பிறகு சிவன் ஆதி கோணநாயகராகக் குடிவந்த ஊர் இது. வயலுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்துதான் வருகிறது. "மச்சான், காற்றுக்கும் எதிர், வாய்க்காலுக்கும் எதிர்" என்றான் அவன்.

மொழி எங்கே மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். முள்ளிப்பொத்தானையில் தேத்தண்ணிக் கடை நானா எங்களோடு தமிழ், லொறிக்காரனோடு சிங்களம், மிச்சக் காசு எண்ணும்போது மறுபடி தமிழ். அதற்கப்புறம் கடைப் பலகைகளில் தமிழ் சின்னதாகி, கடைசியில் அரசாங்கப் பலகையில் மட்டும் மிஞ்சியது. ஆனால் இதுதான் எல்லை என்று சைக்கிளை நிறுத்திக் காட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை.

கந்தளாய்க்குக் கிட்ட ஒரு தன்சல், பொசனுக்கு வழிப்போக்கர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற பந்தல். பெடியன்கள் கொடியை ஆட்டி வழிமறித்து, சவ்வரிசிக் கஞ்சி தந்தார்கள். என் சிங்களம் சந்தையில் விலை பேச மட்டும்தான் உதவும். மச்சான் கொழும்பில் வேலை பார்த்தவன், சிரிக்கச் சிரிக்கப் பேசினான்.

பின்னேரம் குளக்கட்டில் ஒரு வயதானவர் எங்களிடம் தமிழிலேயே வந்தார். திருகோணமலைக்கு மீன் லொறி ஓட்டியவராம். 1986 ஏப்ரல் 20 அன்று கட்டு உடைந்ததைச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போன வெள்ளம். தண்ணீர் எதுவரை நின்றது என்று கையை உயர்த்திக் காட்டியவர் கொஞ்ச நேரம் அதை இறக்கவில்லை.

அப்புறம் குளத்தைக் கட்டியது யார் என்ற பேச்சு. அவர் அக்கபோதி மன்னன் என்றார், பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சமும் இரண்டாம் அக்கபோதியைத்தான் சொல்கிறது. மச்சான், கோணேசர் கோயில் கதைகளில் வரும் குளக்கோட்டன் மன்னன் என்றான். ஆளுக்கு ஒரு மொழியில் சத்தம் போட்டுச் சண்டை, நடுவில் வெற்றிலை மாறியது. பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டை நான் இழுத்தேன்: முதலாம் விஜயபாகு காலத்தது, அந்தச் சிங்கள மன்னன் பெயராலேயே இங்கே ஒரு சிவன் கோயில் இருந்ததாகச் சொல்வது. இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

23.06.2024, ஞாயிறு

காற்று முதுகில். பாலம்போட்டாறு வரை மிதித்த ஞாபகமே இல்லை. வழியில் ஒரு பஞ்சர், மரநிழலில் ஒட்டினோம். ஹாண்டிலில் தொங்கவிட்ட தயிர்ச் சட்டி உடையாமல் வந்தது பெரிய விஷயம்.

மச்சான் அடுத்ததாக கன்னியா பக்கத்தால் ஹொரவப்பொத்தானைக்குப் போவோம் என்கிறான். சரி, ஆனால் கச்சான் ஓய்ந்த பிறகு.