உட்கார்ந்திருந்தால் தெரியாத மூச்சுத்திணறல்

அப்பாவுக்கு வந்திருப்பது நுரையீரலில் தழும்பேறும் ஐ.பி.எஃப். என்று உறுதியாவதற்குள், அவர் ஆஸ்துமாவுக்கென்று இன்ஹேலர் இழுத்து, சளியில் கிருமி இல்லையென்று முடிவு வந்த பிறகும் காசநோய் மாத்திரைகளை விழுங்கி ஓய்ந்திருந்தார். வறட்டு இருமலையும், மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குவதையும் சொன்ன இடங்களிலெல்லாம் "வயசாயிடுச்சு இல்லீங்களா ஐயா" என்பதே பதில்.

எங்கும் அவரை நாற்காலியில் உட்காரவைத்தே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார்கள். 96 என்று காட்டியதும் கழற்றிவிட்டார்கள். காற்றறைகளின் சுவர் தடித்துப்போகும் இந்நோயின் தொடக்கத்தில், ஓய்வாக இருக்கும்போது ஆக்சிஜன் அளவு சரியாகவே இருந்து, நடந்தால்தான் சரியும். வீட்டு வராந்தாவில் அப்பாவை நடக்கவிட்டுப் பார்த்தபோது 87க்கு இறங்கியது. அதைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோய் நீட்டிய பிறகே நுரையீரல் நிபுணருக்குக் கடிதம் கிடைத்தது.

அந்த நிபுணர்தான் முதன்முதலாகச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மூச்சை உள்ளிழுக்கும்போது, ஒட்டுப்பட்டைச் செருப்பைப் பிரிப்பதுபோன்ற ஓசை கேட்பதாகச் சொன்னார். விரல்நுனிகள் தடித்து நகங்கள் வளைந்திருந்ததையும் அவரே காட்டினார்.

ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்த சி.டி. ஸ்கேன் தடித்த வெட்டுகளாக இருந்ததால் பயன்படவில்லை. மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் ஸ்கேனுக்கு, சீட்டில் 'எச்.ஆர்.சி.டி.' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஃபிலிமோடு நில்லாமல் குறுந்தகட்டையும் கேளுங்கள். ஊதும் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனைகளும் சிக்கலின்றி முடிந்தன. ஆனால், வேறு காரணங்களால் வரும் தழும்பை விலக்குவதற்காகப் புறா வளர்ப்பு, ஏர்கூலர், ஆலைத் தூசி, மூட்டுவலி, முன்பு சாப்பிட்ட மருந்துகள் என்று நீண்ட கேள்விகளுக்கு நாங்கள் தடுமாறினோம். இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் போன்றவையும் நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஸ்கேனில் இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் இந்நோயைக் காட்டும் தேன்கூட்டு வடிவம் தெளிவாக இருந்ததால், திசு எடுக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். இப்போது பிர்ஃபெனிடோன் சாப்பிடுகிறார். விழுந்த தழும்பை அது ஆற்றாது, மேலும் பரவும் வேகத்தைத்தான் குறைக்கும். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெயிலில் அலையக்கூடாது என்ற இரண்டையும் மருந்துக்கடையில் யாரும் சொல்லவில்லை. குமட்டலும் கைகளில் தோல் எரிச்சலும் வந்தபின் நிபுணரைத் தொலைபேசியில் பிடித்துத்தான் தெரிந்துகொண்டோம்.