மொரிஷியஸிலிருந்து சிங்கப்பூருக்கு: கோல்ட்பிளே, தைப்பூசம், நடுவில் ஒரு புயல்

நானும் என் நாத்தனாரும் 2024 ஜனவரியில் சிங்கப்பூர் போய் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான கோல்ட்பிளேயின் கச்சேரி பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, சொந்தக்காரர்களும் ஆபீஸில் இருப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: டிக்கெட் எப்படிக் கிடைத்தது? டிக்கெட் கிடைத்தது இதில் சின்னப் பங்கு. அதற்கப்புறம் விசா வாங்கி, புயலைத் தாண்டி, அத்தையின் விரதத்துக்கும் பங்கம் வராமல் போய்ச் சேர்ந்ததுதான் பெரும் பாடு. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து காத்ர் போர்ன் நகரில் குடியிருக்கிறோம். என் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். நாத்தனார் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மொரிஷியஸ் பாஸ்போர்ட். அவளுக்குத் தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்தது, எனக்கு இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் மார்க்கெட்டில் வந்தது. இரண்டையும் கலந்து பேசித்தான் எங்கள் வீட்டில் காலம் ஓடுகிறது. கல்யாணமான புதிதில் பேச வேறு விஷயமே கிடைக்காமல் இருவரும் ஹெட்போனை ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது ஆரம்பித்தது இந்தப் பைத்தியம்.

கோல்ட்பிளே எங்கள் தீவுக்கு வருவார்கள் என்று யாரும் காத்திருக்கவில்லை. இங்கே மொத்த மக்கள்தொகையே சுமார் 12.6 லட்சம். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் மைதானமும் இல்லை. 2011-இல் அவர்கள் தென்னாப்பிரிக்கா வந்தபோது நாத்தனார் சிறுமி. 2016-இல் மும்பை வந்தபோது எனக்குப் பரீட்சை நேரம். அதனால் 2023-இல் சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்தில் கச்சேரி என்று அறிவிப்பு வந்ததும் போவதென்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

டிக்கெட் விற்பனை ஜூனில். சிங்கப்பூரில் காலை 10 மணி என்றால் எங்களுக்குக் காலை 6. ஜூன் இங்கே குளிர்காலம், ஆறு மணிக்கு இருட்டு விலகியிருக்காது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு லேப்டாப், மூன்று போன் வைத்து வரிசையில் நின்றோம். வரிசை என்றால் திரையில் ஒரு சின்ன மனித உருவம் நகர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். எங்கள் முறை வந்தபோது கேட்ட நாளில் சேர்ந்தாற்போல் இரண்டு இடம் இல்லை. ஒரு தடவை கிடைத்தது, அதற்குப் பணம் கட்டப் போனால் வங்கியிலிருந்து வரவேண்டிய ஓடிபி வரவில்லை. அது வந்தபோது டிக்கெட் போயிருந்தது. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை, இங்கே இருப்பவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஜனவரி 23, 24, 26, 27, 30, 31 என்று ஆறு இரவுகளாகக் கூட்டினார்கள், ஆறும் தீர்ந்தன.

அப்போதுதான் நாத்தனார் இன்ஃபினிட்டி டிக்கெட் பற்றிச் சொன்னாள். இந்தச் சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு கச்சேரிக்கும் கொஞ்சம் டிக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்து, கச்சேரி நெருங்கும்போது விற்றார்கள். விலை 20 அமெரிக்க டாலர் கணக்கு, மொரிஷியஸ் பணத்தில் சுமார் 900 ரூபாய். ஜோடியாகத்தான் வாங்க முடியும், ஒருவர் இரண்டுக்கு மேல் வாங்க முடியாது. இடம் எது என்பது கச்சேரி நாளன்று மைதானத்து டிக்கெட் கவுன்டரில் டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும். மேடைக்கு முன்னாலும் இருக்கலாம், கூரைக்கு அடியிலும் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து இடம் என்பது மட்டும் உறுதி. இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு அளந்து தைத்த மாதிரி ஏற்பாடு. இந்தத் தடவை வேறு வங்கியின் கார்டு, வெளிநாட்டுச் செலவு வரம்பை முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தோம். 26-ஆம் தேதிக்குக் கிடைத்தது.

26 என்று தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அத்தை. அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 25. மொரிஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. இங்கே அதைக் காவடி என்றே சொல்வார்கள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் வீட்டில் கவிச்சி கிடையாது. காவடியன்று கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்கு ஏறுவதும், அப்புறம் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிடுவதும் எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். அந்த வாரத்தில் மகளும் மருமகளும் வெள்ளைக்காரன் பாட்டுக் கேட்க ஊர் விட்டு ஊர் போவதா என்று அத்தைக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வழியும் சொன்னார்: "சிங்கப்பூரிலும் முருகன் இருக்கான்ல? விரதத்தை முடிச்சு, அங்க பூசத்தைப் பார்த்துட்டு, அப்புறம் போங்க." அதனால் 23, 24 கச்சேரி கணக்கிலிருந்தே போயின. 26 வெள்ளிக்கிழமை, விரதமும் முடிந்திருக்கும்.

இனி விசா. மொரிஷியஸ் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் போக விசா வேண்டாம், நாத்தனார் கவலையே படவில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள, 21 வயது தாண்டிய ஒருவர் சிங்பாஸ் என்ற அந்நாட்டு அரசு இணையக் கணக்கு வழியாக நமக்காக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். என் கல்லூரித் தோழி அங்கே நிரந்தரவாசி, அவளிடம் கேட்டேன். நான் அனுப்பியவை 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட்டின் படப் பக்கம், அளவு சரியான போட்டோ, மொரிஷியஸில் தங்கும் அனுமதி, விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு. கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். இதில் உறுத்துவது கால வரிசை. போய்ச்சேரும் நாளுக்கு 30 நாளுக்குள்தான் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். கச்சேரி டிக்கெட், விமான டிக்கெட், அறை எல்லாவற்றுக்கும் அதற்கு வெகு முன்பே பணம் கட்டியாக வேண்டும். விசா கிடைக்காவிட்டால் நாத்தனாருக்குப் பக்கத்து இடம் காலி. "அண்ணி, கவலைப்படாதே, உன் இடத்தில் பையை வைத்துக்கொள்கிறேன்" என்று அவள் ஆறுதல் வேறு சொன்னாள். மாற்றி எடுக்கக்கூடிய விமான டிக்கெட்டையும், பணம் திரும்பும் ஹோட்டலையும் போட்டிருந்ததால்தான் ராத்திரி தூங்க முடிந்தது. இந்த இரண்டுக்கும் கூடக் கொடுத்த காசு வீண் இல்லை என்பது என் கட்சி.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது பெலால் வந்தது. ஜனவரி 15, பொங்கல் நாள். ரெயூனியன் தீவை மிதித்துவிட்டு எங்கள் பக்கம் வந்த புயல். தலைநகர் போர்ட் லூயியில் தெருவெல்லாம் ஆறாகி கார்கள் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை உலகமே படத்தில் பார்த்தது. விமான நிலையத்தை மூடினார்கள். பொங்கலை உள்ளேயே கேஸ் அடுப்பில் வைத்தோம். மின்சாரம் போனதும் நெட்டும் போனது. அந்த நேரம் பார்த்துத் தோழி ஏதோ ஒரு பக்கம் தெளிவாக இல்லை, திரும்ப ஸ்கேன் செய்து அனுப்பு என்று கேட்டிருக்கிறாள். போன் உயிர் பெற்றதும்தான் அவள் அனுப்பிய செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. ஊரே சேறு வாரிக்கொண்டிருக்கும்போது நான் ஸ்கேனர் தேடி அலைந்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அலைந்தேன். விசா இணையத்திலேயே வந்தது, அச்சடித்து மூன்று பிரதி வைத்துக்கொண்டேன்.

புயல் காலத்தில் இங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கச்சேரிக்கு முந்தின நாள் போய் இறங்குவது போலப் பயணம் போடவே கூடாது. இன்ஃபினிட்டி டிக்கெட் என்றால் இன்னும் மோசம். வாங்கியவர் அடையாள அட்டையோடு நேரில் போய் நின்றால்தான் கையில் கிடைக்கும், வேறு யாரிடமும் கொடுத்தனுப்பும் வழியில்லை. நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே இறங்கும்படி போட்டிருந்தோம். புயல் எட்டு நாள் தள்ளி வந்திருந்தால் அதுவும் போதாது.

எங்கள் தேதிகளுக்கு ஒத்துவந்தது துபாய் வழி. கிழக்கே இருக்கும் ஊருக்கு வடக்கே ஆறரை மணி நேரம் பறந்து, மறுபடி ஏழு மணி நேரம் கிழக்கே திரும்பினோம். விரதத்துக்காக ஆசிய சைவச் சாப்பாடு என்று முன்பே பதிவு செய்திருந்தோம், அது ஒழுங்காக வந்தது. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். தேடினால் காசு கேட்கும் தளங்களும் வந்து நிற்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லிட்டில் இந்தியாவில், ஃபேரர் பார்க் மெட்ரோ ரயில் நிலையம் பக்கத்தில் அறை. கச்சேரி வாரம் என்பதால் ஹோட்டல் விலையெல்லாம் ஏறியிருந்தது, சின்ன அறைக்கே கொஞ்சம் வலித்தது. ஆனால் வாசலை விட்டு இறங்கினால் ஶ்ரீநிவாசப் பெருமாள் கோயில். காவடிகள் கிளம்பும் இடமே அதுதான். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறார்கள். இத்தனை தமிழர் இருக்கும் ஊரில், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில், தைப்பூசத்துக்கு விடுமுறை இல்லை. ஆட்கள் லீவு போட்டுக் காவடி எடுக்கிறார்கள். நாத்தனாருக்கு இது நம்பவே முடியவில்லை, வழியில் தெரியாத ஒரு அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் தடை இருந்து, 2016-லிருந்துதான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி என்று அந்த அம்மாவே சொன்னார். அந்த இடம் வந்ததும் மேளம் எழும்ப, அதுவரை சோர்ந்து வந்த காவடிக்காரர் ஆட ஆரம்பித்தார். பாட்டுக் கேட்க நாடு தாண்டி வந்தவர்களுக்கு முதல் கச்சேரி அன்றே ஆகிவிட்டது. டேங்க் ரோட்டில் தரிசனம் முடித்து அத்தைக்கு வீடியோ கால் போட்டோம். அவர் எங்கள் முகத்தைவிட நெற்றியைத்தான் உற்றுப் பார்த்தார்.

மறுநாள் மதியமே கிளம்பினோம். ஃபேரர் பார்க்கிலிருந்து தோபி காட், அங்கே சர்க்கிள் லைன் மாறி ஸ்டேடியம் நிலையம். டிக்கெட் கவுன்டர் வரிசையில் நின்றவர்கள் முகமெல்லாம் பரீட்சை முடிவு பார்க்க வந்த முகம். முன்னால் நின்ற மணிலாப் பெண்கள் இருவருக்குத் தரைப்பகுதி கிடைத்துக் குதித்தார்கள். எங்களுக்கு மேல் அடுக்கு, மேடைக்குப் பக்கவாட்டில். நாத்தனார் முகம் சுருங்கியது. எனக்கு ஒன்றும் இல்லை. 900 ரூபாய்க்குக் காத்ர் போர்னில் இரண்டு பேர் ஒழுங்காக ஒரு வேளை சாப்பிட முடியாது.

உள்ளே போனதும் எனக்குத்தான் அதிர்ஷ்டம் என்று தோன்றியது. வாசலில் தந்த கைப்பட்டை பாட்டுக்கு ஏற்றபடி நிறம் மாறும். மேலே இருந்து பார்த்தால் அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மஞ்சளாகும், நீலமாகும், அணையும். தரையில் நின்றிருந்தால் முன்னால் நிற்பவர் தலைதான் தெரிந்திருக்கும். பாடகர் கிறிஸ் மார்ட்டின் எங்களுக்குக் கட்டைவிரல் அளவுதான், முகத்தைப் பெரிய திரையில்தான் பார்த்தோம். ஆனால் ஜானி பக்லாண்டின் கிதாரும் வில் சாம்பியனின் டிரம்மும் மேல் அடுக்குக்கும் சரியாக வந்து சேர்ந்தன. நான் பயந்தது அதற்குத்தான். பக்கவாட்டு இடத்தில் எதிரொலி குழம்பும் என்று எழுதியிருந்தார்கள். சில இடத்தில் குழம்பத்தான் செய்தது, பாதிப் பாட்டை நாங்களே பாடிக்கொண்டிருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை.

மிதித்தால் மின்சாரம் தரும் சைக்கிள்கள், குதித்தால் மின்சாரம் தரும் தரை எல்லாம் கீழே இருந்தன. 2016-17 சுற்றுப்பயணத்தைவிடக் கரியமில வாயுவைப் பாதியாவது குறைப்போம் என்று அறிவித்துவிட்டுக் கிளம்பியவர்கள். துபாய் சுற்றி வந்த நாங்கள் இருவரும் அதில் கொஞ்சத்தைத் திரும்ப ஏற்றியிருப்போம். கைப்பட்டையைத் திருப்பித் தரச் சொல்லி, எந்த ஊர் எத்தனை சதவீதம் தந்தது என்று திரையில் பட்டியல் போட்டார்கள். நாத்தனார் ஒளித்து எடுத்துவரப் பார்த்தாள், பட்டியலைக் காட்டி மிரட்டிப் போட வைத்தேன். அரங்கத்தை விட்டால் அது சும்மா பிளாஸ்டிக் மாதிரிதான், ஒளிராது.

திரும்பும்போது ஸ்டேடியம் நிலையத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் இருந்தாலும் தள்ளுமுள்ளு இல்லை, ரயில் ரயிலாக விட்டார்கள்.

டேங்க் ரோட்டில் தந்த பிரசாதத்தில் எலுமிச்சம்பழமும் இருந்தது. மொரிஷியஸுக்குள் பழம், செடி எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோக முடியாது. அதனால் அது தோழி வீட்டில் சாதமானது, திருநீறும் குங்குமமும் மட்டும் அத்தைக்கு வந்தன.

செலவு கேட்பவர்களுக்கு: டிக்கெட் ஆளுக்கு 900 ரூபாய், விமானம் ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரத்தை ஒட்டி. அறை, சாப்பாடு, விசா எல்லாம் அதற்கு மேல். டிக்கெட் மலிவு என்று யாரும் ஏமாற வேண்டாம். நாத்தனார் தன் பங்கை அவள் அண்ணனுக்கு மாதத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறாள், இரண்டு தவணை பாக்கி.