முதல் ஆர்டருக்கும் முதல் பணத்துக்கும் நடுவே

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக சி.என்.சி. பட்டறை (கணினி வழி ஓடும் மெஷினில் உலோகம் கடையும் பட்டறை) போடப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஆர்டர் இருக்கா?" கோவை ஆவாரம்பாளையத்தில் பல காலமாக லேத் பட்டறை நடத்தும் ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "ஆர்டர் வந்துருமுங்க தம்பி. பணம் எப்ப வரும்னு கணக்குப் போட்டீங்களா? மெஷின் ஓடாத நாளைக்கும் டியூ ஓடுமுங்க." என் திட்டம் முழுவதையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் போட்டேன். அதனால்தான் இன்றைக்குப் பட்டறை நிற்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மெஷின் ஷாப்பில் 14 வருடம் வேலை பார்த்து, சூப்பர்வைசராக இருந்தபோது வெளியே வந்தேன். எடுத்துக்கொண்ட தொழில் ஜாப் ஒர்க். பார்ட்டி, அதாவது வேலை தரும் கம்பெனி, வார்ப்பையோ ராடையோ டெலிவரி சலானோடு அனுப்பிவிடுவார்கள். ட்ராயிங்படி கடைந்து, அளவு பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மூலப்பொருளுக்கு நம் பணம் போடத் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் வருமானம் வெறும் கூலி மட்டும்தான், அதுவும் மணிக்கணக்கில். எனவே மணிக்கு எவ்வளவு கிடைத்தால் கட்டும் என்று தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது.

நான் போட்ட கணக்கு இது. ஒரு ஷிஃப்டில் நானே மெஷினில் நிற்பதாக வைத்தால், மாதத்துக்கு வங்கித் தவணை 30,000, ஷெட் வாடகை 12,000, கரண்ட் 9,000, இன்சர்ட் (வெட்டுமுனை), கூலன்ட், ஆயில் வகையில் 8,000, இதர செலவு 5,000, வீட்டுக்கு 30,000. மொத்தம் 94,000. மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம் வருகிறது. ஆனால் மெஷின் அத்தனை நேரமும் வெட்டிக்கொண்டிருக்காது. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு செட்டிங் மாற்ற வேண்டும், கரண்ட் போகும், வார்ப்பு வந்து சேராத நாளும் இருக்கும். 70 சதவீதம்தான் நிஜம் என்று வைத்தேன். 140 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 671 ரூபாய். எனக்குக் கிடைக்கக்கூடிய விலையோ 450 பக்கம்தான்.

இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் போட்டுப் பார்த்தேன். ஆபரேட்டர் சம்பளம் 18,000 கூடுகிறது, கரண்ட் 15,000, இன்சர்ட் வகை 15,000 ஆகிறது. தவணையும் வாடகையும் வீட்டுச் செலவும் ஏறவில்லை. மொத்தம் 1,25,000. 280 மணி நேரத்தால் வகுத்தால் 446. அப்போதுதான் விளங்கியது: ஒரு ஷிஃப்டுக்கு வேலை இருக்கிறது என்ற தைரியத்தில் கிளம்பினால் வீட்டுப் பணத்தைத்தான் கரைக்க வேண்டியிருக்கும். இரண்டு ஷிஃப்டுக்கான வேலைக்கு வாய்மொழியாகவாவது உறுதி கிடைக்கும் வரை ராஜினாமா கடிதம் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். மெஷின் விலையை விசாரிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் பணம் வரும் காலம். இந்த மாதம் செய்த வேலைக்கு மாதக் கடைசியில் பில் போடுகிறோம். வழக்கப்படி 60 நாள், சில பார்ட்டிகளிடம் 90 நாள். முதல் மாதத்து உழைப்பு காசாகக் கைக்கு வர நான்காவது மாதம் ஆகிவிடும். அதுவரை வாடகை, கரண்ட், ஆபரேட்டர் சம்பளம், வீடு எதுவும் காத்திருக்காது. தவணைக்கு வங்கி முதல் ஆறு மாதம் விடுப்பு தந்தது. அதைக் கழித்தாலும் மாதம் 95,000 வீதம் நான்கு மாதத்துக்கு 3,80,000 வேண்டும். இதில் பட்டறைச் செலவுக்கு நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடச் செலவுக்கான வங்கிக் கடன், இருந்தது. வீட்டுச் செலவுக்கு மட்டும் பத்து மாதத்துக்கு 3 லட்சத்தைத் தனியாக, என் மனைவி பெயரில் டெபாசிட்டாகப் போட்டோம். பட்டறைக்கு எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொடக் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். தொடவில்லை.

கடனுக்கு பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் விண்ணப்பித்தபோது இருந்த விதிப்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். பொதுப் பிரிவினர் கைக்காசு 10 சதவீதம் போட வேண்டும். மானியம் ஊரகப் பகுதியில் 25 சதவீதம், நகரப் பகுதியில் 15. சிறப்புப் பிரிவினருக்கு, அதாவது பெண்கள், பட்டியலினத்தார், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு, கைக்காசு 5 சதவீதம்தான், மானியமும் கூடுதல். நான் ஷெட்டை மாநகராட்சிக்குள் பார்க்காமல் அரசூர் பக்கம் ஊராட்சி எல்லையில் பார்த்ததற்கு இந்தப் பத்து சதவீத வித்தியாசமும் ஒரு காரணம். ஏற்கெனவே த்ரீ பேஸ் இணைப்பு உள்ள ஷெட்டாகப் பிடித்தது இன்னொரு நிம்மதி. லோடு மட்டும் ஏற்றிக்கொண்டால் போதுமாக இருந்தது.

என் திட்டச் செலவு 30 லட்சம். மானியம் ஏழரை லட்சம். ஆனால் அந்தப் பணம் நம் கைக்கு வராது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாக நிற்கும், அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு நம்மிடமும் வட்டி வாங்க மாட்டார்கள். தொழில் ஒழுங்காக நடந்தால் மூன்று வருடம் கழித்துக் கடனில் கழிப்பார்கள். இன்னொன்று, இது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஆசையில் முன்கூட்டியே மெஷின் வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் கிடைக்காது.

மாவட்ட தொழில் மையத்தில் விண்ணப்பம் சுலபமாகவே நகர்ந்தது. உண்மையான வாசல் வங்கிதான். முதலில் போன கிளையில் திட்ட அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பல வாரம் வைத்திருந்தார்கள். கடன் கொடுத்த கிளையின் மேலாளர் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, அந்த மணிக் கணக்கைத்தான் துருவித் துருவிக் கேட்டார். வேலை தருவதாக இரண்டு பார்ட்டிகள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த கடிதம் அங்கே பெரிதும் உதவியது.

அதில் ஒரு கடிதம் என் முதலாளி கொடுத்தது. பலர் இதை ரகசியமாக வைத்திருப்பார்கள். நான் வங்கிக்குப் போகும் முன்பே அவரிடம் சொன்னேன். அவருடைய ட்ராயிங் ஒன்றைக்கூட எடுத்துப் போக மாட்டேன், அவருடைய வாடிக்கையாளரிடம் போய் நிற்க மாட்டேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீங்க போறது எனக்குக் கஷ்டந்தானுங்க. இங்க மெஷின் பத்தாம வெளிய குடுக்கற வேலைய உங்களுக்கே தர்றேன். ஆனா அளவு தப்புனா வார்ப்புக் காசு உங்க கணக்கு" என்றார். கோவையில் இப்படி முதலாளி கைதூக்கிவிட்டு வளர்ந்த பட்டறைகள் ஏராளம். இந்த ஊரின் பெரிய பலம் அதுதான்.

வேலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய சில காரியங்கள் உண்டு. கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு நாம் வெளியேறியதும் நின்றுவிடும். தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பதால், விடுவதற்கு வெகு முன்பே குடும்பத்துக்கு ஒன்று எடுத்தேன். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடிப்பது நல்லது. அதன் பிறகு வங்கி சில வருட வருமானவரிக் கணக்கு கேட்கும். கிராஜுவிட்டி எவ்வளவு என்று நாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்: நான் விட்டபோது இருந்த முறைப்படி, கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். எனக்கு 26,000, ஆக 14 வருடத்துக்கு 2,10,000 வந்தது. கைக்காசில் பெரும்பகுதி இதுதான். பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. பத்து வருடம் தாண்டியதால் பென்ஷன் உரிமையும் பத்திரமாக இருக்கிறது.

கடன் அனுமதி வந்த பிறகு ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலமும் மெஷின் டெலிவரிக் காலமும் ஒன்றாக ஓடின. 2023 நடுவில் மெஷின் இறங்கியது.

ஆரம்ப மாதங்களில் நெருக்கியது ஜி.எஸ்.டி. சேவைக்கு வருட வரவு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை என்றாலும், எண் இல்லாதவரிடம் கம்பெனிகள் வேலை கொடுக்கத் தயங்கும் என்பதால் எடுத்தேன். பார்ட்டி பணம் தர மூன்று மாதம் ஆனாலும், பில் போட்டதற்கு உரிய வரியை அடுத்த மாதமே நாம் கட்டியாக வேண்டும். இதற்கென்று தனித் தொகை ஒதுக்காவிட்டால் சம்பளத்தில் இடிக்கும்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும்; எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமானவரிக்குச் செலவாகக் காட்ட முடியும். நான் போய்க் கேட்டும் கொடுக்காத ஒரு பார்ட்டி, மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டர் சொன்னதும் பழைய பாக்கியைத் தீர்த்தார். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பில்லில் இருக்கும் எண்ணே சண்டையில்லாமல் அந்த வேலையைச் செய்கிறது.

இப்போது இரண்டு ஷிஃப்டும் ஓடுகிறது. இரண்டாவது மெஷினுக்கு விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குத் தேவையான வேலையும் கண்ணில் தெரிகிறது. ஆனால் அந்த வேலை 90 நாள் பார்ட்டியுடையது. 45 நாளில் பணம் தரும் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது படிந்ததும் முன்பணம் கட்டுவேன்.