பக்கத்து வீட்டுப் புல்

இன்று காலை அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனில் ஒரு பாட்டி புல் வெட்டிக்கொண்டிருந்தார். தன் வீட்டு வாசலை முடித்துவிட்டு, மெஷினை அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே ஆள் இல்லை. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. படியில் மட்டும் ஒரு பூந்தொட்டி, இப்போதுதான் தண்ணீர் ஊற்றிய ஈரத்தோடு.

"யார் வீடுங்க?" என்று கேட்டேன்.

"சிநேகிதி வீடு. அவங்க போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

பென்சில்வேனியாவின் இந்த எஃகு ஊரில் 1920-இல் 67,327 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 18,411. பெத்லஹேம் ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் 1992-இல் இங்கே ஆலையை மூடியது. பிள்ளைகள் வேலை தேடிப் போனார்கள். வீடுகள் அப்படியே நின்றுவிட்டன.

இங்கே வீடு மலிவு என்று பலர் ஆசையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. கையில் சம்பளம் இருந்தால்தானே மலிவு? கூரை ஒழுகினால் சரிசெய்யும் கூலி ஊருக்காகக் குறைவதில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் என்ன செய்வார்? அப்புறம் ஒருநாள் அந்த ஜன்னலுக்கும் பலகைதான்.

நான் கிளம்பும்போது பாட்டி வேலியோரம் குனிந்து, மெஷினுக்கு எட்டாத புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.